ஃபங்கி ஹவுஸ்

ஃபங்கி ஹவுஸ் என்பது ஹவுஸ் எனப்படும் மின்னணு ஆடலிசையின் ஓர் உட்பிரிவு. ஃபங்க், டிஸ்கோ ஆகிய இரண்டு அமெரிக்க இசைவகைகளின் பேஸ் கிட்டார், ரிதம் கிட்டார், வயலின் கூட்டிசை, உரத்த பெண்குரல் ஆகியவற்றை ஹவுஸ் இசையின் மாறாத நான்கடித் தாளத்தின்மீது ஏற்றி உருவாக்கப்படுவது. சிகாகோ, நியூயார்க், பாரிஸ் நகரங்களில் 1990களின் நடுப்பகுதியில் தெளிவான வடிவம் பெற்றது. 1998 முதல் 2004 வரை ஐரோப்பிய விற்பனைப் பட்டியல்களில் உச்சத்தில் இருந்தது. டிஸ்கோ ஹவுஸ் என்றும் அழைப்பர். இரண்டையும் தனித்தனி வகைகளாகப் பிரிப்பாரும் உண்டு. இசைத்தட்டுக் கடைகளின் அடுக்குகளுக்கு வெளியே அந்தப் பிரிவினை நிலைப்பதில்லை.

மலேசியாவில், குறிப்பாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில், இவ்விசை இரவு விடுதிகளின் வழியே அறிமுகமானது. அங்குள்ள தமிழர்களில் பலர் இதன் தாயான டிஸ்கோவைத் திரைப்பாடல்களிலும், இதன் உடன்பிறப்பான ஹிப்ஹாப்பைச் சொந்த ஊர்க் கலைஞர்களிடமும் கேட்டவர்கள்.

ஒலியமைப்பு

ஃபங்கி ஹவுஸ் பாட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 120 முதல் 128 அடி வேகத்தில் ஓடுகின்றன. சுற்றுக்கு நான்கு அடி. நான்கிலும் கிக் டிரம் விழும். இரண்டாம், நான்காம் அடிகளில் கைத்தட்டல் ஒலி சேரும். இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் ஹை-ஹாட் தகடு திறந்து ஒலிக்கும். இதுவரை எல்லா ஹவுஸ் இசைக்கும் பொது. ஃபங்கி ஹவுஸைத் தனித்துக் காட்டுவது இதற்குமேல் நடப்பது. கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் ஒவ்வோர் அடியையும் சதுஸ்ர நடையில் நான்காகப் பிரித்துப் பார்க்கலாம். சுற்றுக்குப் பதினாறு நுண்ணடிகள் கிடைக்கும். கிக் டிரம் அவற்றில் நான்கை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்கிறது. பேஸ் கிட்டாரும் ரிதம் கிட்டாரும் எஞ்சிய பன்னிரண்டு இடங்களில் தாவுகின்றன. இந்தத் தாவல் ஃபங்கிலிருந்து வந்தது. சுற்றின் முதல் அடியை அழுத்தமாக ஊன்றிவிட்டு மற்றவற்றைச் சிதறவிடும் முறையை ஜேம்ஸ் பிரவுன் 1965இல் ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ பாட்டின் மூலம் நிலைநாட்டினார். டிஸ்கோ அதை நான்கடித் தாளத்துக்குள் கொண்டுவந்தது. ஹவுஸ் அந்தத் தாளத்தை மனிதக் கையிலிருந்து இயந்திரத்திடம் ஒப்படைத்தது.

இந்த இசையின் அடிப்படை உத்தி சாம்பிள் எடுத்தல்: பழைய இசைத்தட்டொன்றில் சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்து, முடிவில்லாமல் சுழலவிடுவது. இவ்வுத்தியின் அழகியலில் பாதி கருவிகளின் குறைபாட்டால் அமைந்தது. 1987இல் வெளிவந்த ஈ-மூ எஸ்பி-1200 கருவியின் மொத்த நினைவகம் சுமார் 10 நொடி ஒலிக்கே போதுமானது. நிமிடத்திற்கு 124 அடி வேகத்தில் நான்கடிச் சுற்று ஒன்று ஏறக்குறைய 1.9 நொடி பிடிக்கும். ஆகவே கிக் டிரம், கைத்தட்டு, ஹை-ஹாட் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு, எடுத்த பாட்டில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வைத்துக்கொள்ள வழியில்லை. இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். 33 சுற்று வேக இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்துகொள்வது. பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. இடம் மிச்சமானது. கூடவே ஒலியில் ஒரு கரகரப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. 12 பிட் பதிவு என்பதால் உண்டான அந்தக் கரகரப்பைப் பின்னாளில் எல்லையற்ற நினைவகம் உள்ள கணினிகளிலும் வேண்டுமென்றே செயற்கையாகச் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது உத்தி ஃபில்டர். அடுத்த மண்டபத்துக் கல்யாணக் கச்சேரியை மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்பதுபோல, முதலில் மேல்சுரங்கள் அடைபட்டுத் தாழ்ந்த ஒலி மட்டும் கேட்கும். பிறகு கதவு மெல்லத் திறக்கும். நான்கே அடி நீளமுள்ள ஒரு துண்டை ஐந்து நிமிடம் கேட்டாலும் சலிக்காமல் செய்வது இதுதான். மூன்றாவதாக, கிக் டிரம் விழும் கணத்தில் மற்ற எல்லா ஒலிகளையும் சற்று அமுக்கி, உடனே விடுவிக்கும் கம்ப்ரெஸர். பாட்டு மொத்தமும் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்குவது இதனால்.

தொடக்க வரலாறு

டிஸ்கோவின் தாளத்துக்கு ஊர் ஃபிலடெல்ஃபியா. அங்கு எம்.எஃப்.எஸ்.பி. குழுவின் டிரம் கலைஞர் ஏர்ல் யங், ஹரோல்ட் மெல்வின் அண்ட் த புளூ நோட்ஸ் குழுவினருக்காக 1973இல் பதிவான ‘த லவ் ஐ லாஸ்ட்’ பாட்டில் நான்கடிக்கும் கிக் டிரம்மை மிதித்து, ஹை-ஹாட்டை இடைவெளிகளில் திறந்து வாசித்தார். அதற்கு முன்னும் நான்கடிக் கிக் உண்டு. ஆனால் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்ட வடிவம் அவருடையதே.

தாளத்துக்கு அடுத்துத் தட்டு. நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் ஆடுவோருக்காகப் பாட்டுகளை நீட்டித் தொகுத்துக்கொண்டிருந்தார். சோதனைத் தட்டு வெட்டப் போன ஒரு நாள், வழக்கமான ஏழு அங்குலத் தகடு தீர்ந்துபோய்ப் பெரிய தகட்டில் வெட்ட நேர்ந்தது. பள்ளங்களுக்கிடையே இடம் தாராளமாகக் கிடைத்ததால் ஒலி உரத்தும் பேஸ் ஆழமாகவும் வந்தன. பன்னிரண்டு அங்குல ஒற்றைப் பாட்டுத் தட்டு பிறந்தது அப்படித்தான். கடைக்கு விற்பனைக்கு வந்த முதல் தட்டு, 1976இல் சால்சோல் நிறுவனம் வெளியிட்ட டபுள் எக்ஸ்போஷரின் ‘டென் பர்சென்ட்’. மூன்று நிமிடப் பாட்டை இசைத்தட்டு ஓட்டுநர் வால்டர் கிப்பன்ஸ் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக நீட்டியிருந்தார். நீட்டியது பல்லவியையோ சரணத்தையோ அல்ல, டிரம்மும் பேஸும் மட்டும் ஓடும் நடுப்பகுதியை. பிந்தைய ஹவுஸ் இசை முழுவதையும் அந்த நடுப்பகுதியின் விரிவாகவே கொள்ளலாம்.

1977ஆம் ஆண்டு பல வகையில் முக்கியமானது. ஜார்ஜியோ மொரோடர் இசையில் டோனா சம்மர் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ ஏறக்குறைய முழுவதும் மின்னணுக் கருவிகளைச் சார்ந்து டிஸ்கோ செய்ய முடியும் என்று காட்டியது. ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படம் டிஸ்கோவை உலகெங்கும் கொண்டுசென்றது. நியூயார்க் கிங் தெருவில் பாரடைஸ் காராஜ் விடுதி இசைத்தட்டு ஓட்டுநர் லாரி லெவானின் கையில் உருவானது. 1987 வரை நடந்தது. அதே 1977இல், நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் சிகாகோவுக்கு வந்து வேர்ஹவுஸ் விடுதியில் இசைத்தட்டு ஓட்டத் தொடங்கினார். இரண்டு விடுதிகளுக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், தற்பாலீர்ப்பினர். ஹவுஸ் என்ற பெயர் இந்த வேர்ஹவுஸிலிருந்து வந்தது என்பர். வேறு விளக்கங்களும் உண்டு.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் திடலில் ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்க்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். ஒரு டிஸ்கோ தட்டும் 98 காசும் கொடுத்தால் நுழைவு. கூட்டம் திடலுக்குள் இறங்கிக் கலவரமாகி, அன்றைய இரண்டாவது ஆட்டம் கைவிடப்பட்டது. அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற இளைஞர், மக்கள் கொண்டுவந்த குவியலில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்ததைக் கண்டதாகப் பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1984இல், முதல் ஹவுஸ் இசைத்தட்டு எனப்படும் ‘ஆன் அண்ட் ஆன்’ வெளிவந்தபோது ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் அதில் பங்காற்றியவர் இதே லாரன்ஸ். சாண்டர்ஸிடமிருந்து திருடுபோன, டிஸ்கோ துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு கள்ளத்தட்டுக்கு மாற்றாகவே அந்தப் பாட்டு உருவானது. ஆகவே டிஸ்கோ 1979இல் மாண்டது என்று எழுதுவது பொருந்தாது. பெரிய நிறுவனங்கள் அதைக் கைவிட்டன. சிகாகோவின் சிறிய விடுதிகள் கைவிடவில்லை.

புதிய டிஸ்கோ தட்டுகளின் வரத்து குறைந்ததும், நக்கிள்ஸ் பழையவற்றை ஒலிநாடாவில் பதிந்து, பிளேடால் வெட்டி ஒட்டி நீட்டினார். பின்னர் டெட்ராய்ட் இசைக்கலைஞர் டெரிக் மேயிடமிருந்து ரோலண்ட் டிஆர்-909 தாள இயந்திரம் ஒன்றை வாங்கி, பழைய பாட்டுக்கடியில் அதன் கிக் டிரம்மை ஓடவிட்டார். பழைய டிஸ்கோவும் புதிய இயந்திரத் தாளமும் ஒரே அறையில் சேர்ந்து ஒலித்த இந்த இடத்தை ஃபங்கி ஹவுஸின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். 1987 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஸ்டீவ் ‘சில்க்’ ஹர்லியின் ‘ஜாக் யுவர் பாடி’ பாட்டின் பேஸ், ஃபர்ஸ்ட் சாய்ஸ் என்ற டிஸ்கோ குழுவின் பாட்டிலிருந்து வந்தது.

குரலைக் கடன்வாங்குவதில் சிக்கல் 1989இல் வெடித்தது. இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு ‘ரைடு ஆன் டைம்’ பாட்டில் லோலெட்டா ஹாலோவே 1980இல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாட்டின் குரலை அனுமதியின்றி எடுத்தாண்டது. மேடையிலும் படக்காட்சியிலும் வாயசைத்தவர் வேறொரு பெண். பாட்டு ஆறு வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. ஹாலோவே தரப்பு வழக்கறிஞர்களின் தலையீட்டால் இழப்பீடு பெற்றது. தட்டின் பிந்தைய பதிப்புகளில் வேறொருவர் பாடினார். ஒலிப்பதிவுக்கும் இயற்றலுக்கும் தனித்தனி உரிமை உண்டு. ஆகவே பழைய பதிவை அப்படியே எடுப்பதற்கு இரண்டு அனுமதிகள் வேண்டும். பாடகரையும் வாத்தியக்காரரையும் அமர்த்தி மீண்டும் அப்படியே வாசித்துப் பதிந்தால் ஒன்று போதும். இதற்கென்றே கூடங்கள் தோன்றின. கேட்பவர் பலருக்கு வேறுபாடு தெரியாது.

தொண்ணூறுகளும் பாரிசும்

1990களில் மூன்று நகரங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே வேலை செய்தன. நியூயார்க்கின் மாஸ்டர்ஸ் அட் ஒர்க் இணையரில் ஒருவரான கென்னி ‘டோப்’ கொன்சாலஸ், த பக்கெட்ஹெட்ஸ் என்ற பெயரில் 1995இல் வெளியிட்ட ‘த பாம்!’ பாட்டு, சிகாகோ என்ற ராக் குழு 1979இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் பிளேயர்’ பாட்டின் பித்தளைக் குழலிசையைச் சுழற்றியது. சிகாகோ நகரில் கர்டிஸ் ஜோன்ஸின் காஜுவல் நிறுவனத்தைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. டிஜே ஸ்னீக் 1997இல் டெடி பெண்டர்கிராஸின் குரல் துண்டொன்றைக் கொண்டு ‘யூ கான்ட் ஹைட் ஃப்ரம் யுவர் பட்’ செய்தார். பால் ஜான்சனின் ‘கெட் கெட் டவுன்’ 1999இல் வந்தது.

பாரிசில் மோட்டர்பேஸின் ‘பான்சோல்’, எத்தியென் தெ கிரெசியின் ‘சூப்பர் டிஸ்கவுண்ட்’ ஆகிய இரண்டு தொகுப்புகளும் 1996இல் வெளியாயின. மறு ஆண்டு டாஃப்ட் பங்க் இணையரின் ‘ஹோம்ஒர்க்’. அதில் ‘டீச்சர்ஸ்’ என்ற பாட்டு தங்கள் முன்னோடிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வது. பாதிப் பெயர்கள் சிகாகோக்காரர்களுடையவை. குருவணக்கம் சொல்லித் தொடங்கும் வழக்கம் பாரிசுக்கும் உண்டு போலும்.

வகையின் உச்சம் 1998. டாஃப்ட் பங்கின் தோமா பங்கால்தேர், ஆலன் பிராக்ஸ், பெஞ்சமின் டயமண்ட் மூவரும் ஸ்டார்டஸ்ட் என்ற பெயரில் ‘மியூசிக் சவுண்ட்ஸ் பெட்டர் வித் யூ’ பாட்டை வெளியிட்டனர். சக்கா கான் 1981இல் பாடிய ‘ஃபேட்’ பாட்டின் தொடக்கக் கிட்டார் துண்டு, ஒரு கிக் டிரம், ஒரு பேஸ், ஒரு குரல், ஒரு ஃபில்டர். வேறொன்றும் இல்லை. அந்த மூவர் அதே பெயரில் இன்னொரு பாட்டை வெளியிடவே இல்லை. 2000ஆம் ஆண்டில் மோஜோவின் ‘லேடி’ பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதன் கிட்டார், ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் 1982ஆம் ஆண்டு ‘சூப் ஃபார் ஒன்’ பாட்டிலிருந்து வந்தது. ஸ்பில்லரின் ‘குரூவ்ஜெட்’ கரோல் வில்லியம்ஸின் டிஸ்கோ பாட்டைக் கொண்டு, ஸ்பைஸ் கேர்ள்ஸ் புகழ் விக்டோரியா பெக்கமின் பாட்டை முந்தி முதலிடம் பிடித்தது. டாஃப்ட் பங்கின் ‘ஒன் மோர் டைம்’ எடி ஜான்ஸ் 1979இல் பாடிய, அநேகமாக மறந்தேபோன பாட்டொன்றைத் தழுவியது. பாப் சின்கிளாரின் ‘ஐ ஃபீல் ஃபார் யூ’ டிஸ்கோ கலைஞர் செரோனிடமிருந்து எடுத்தது. லண்டனில் சைமன் டன்மோர் 1999இல் தொடங்கிய டிஃபெக்டெட் நிறுவனத்தின் முதல் வெளியீடான சோல்சர்ச்சரின் ‘கான்ட் கெட் எனஃப்’ பாட்டும் 1979ஆம் ஆண்டு டிஸ்கோ பாட்டொன்றின்மேல் கட்டியதே. ஏறத்தாழ எல்லாமே 1976க்கும் 1983க்கும் இடைப்பட்ட இசைத்தட்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாத்தியக்காரர்கள் கூட்டமாக அமர்ந்து வாசித்த கடைசிக் காலம் அது. பிறகு ஸ்டூடியோக்களில் தாள இயந்திரம் நுழைந்துவிட்டது.

வகைப்பாடு

இவ்வகையின் எல்லைகள் குழப்பமானவை. ஃபில்டரை மையமாகக் கொண்ட பாரிசு வகையை ஃபிரெஞ்சு ஹவுஸ் என்பர். சிகாகோவின் முரட்டு வெட்டுத்துண்டு வகை ஜாக்கிங் ஹவுஸ். சாம்பிளைக் குறைத்து, வாத்தியங்களைப் புதிதாக வாசித்து, வேகத்தையும் குறைத்துச் செய்வது நூ-டிஸ்கோ. பிரிட்டனில் 2000களின் பிற்பாதியில் எழுந்த யூகே ஃபங்கி பெயரளவில் நெருங்கியது. ஆனால் அது மேற்கிந்தியத் தீவுகளின் சோக்கா, ஆப்பிரிக்கத் தாளங்கள், லண்டன் காராஜ் ஆகியவற்றின் கலப்பு, வேகம் 130ஐ ஒட்டியது. அதை இக்கட்டுரையின் பொருளோடு சேர்ப்பது தவறு.

மலேசிய வாசகர்கள் இன்னும் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ஜாகர்த்தாவின் கோத்தா வட்டார விடுதிகளில் வளர்ந்த ஃபங்கோட், அதாவது ஃபங்கி கோத்தா, நிமிடத்திற்கு 160 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்வது; பெயரில் மட்டுமே உறவு. மலேசிய, சிங்கப்பூர்ச் சீன இளைஞரிடையே பரவிய ஃபெங் தாவ் என்னும் தலையாட்டு நடனத்துக்குரிய ரீமிக்ஸ்களும் வேறு. அவற்றின் வேர் டிஸ்கோவின் கிட்டாரில் இல்லை; வேகமான ஐரோப்பிய டிரான்ஸ் இசையில் இருக்கிறது.

இந்தியத் தொடர்பு

டிஸ்கோவின் வளர்ச்சியில் இந்தியாவில் பிறந்த சிலரின் பங்கு குறிப்பிடத்தக்கது. பெங்களூரில் பிறந்து லண்டனில் குடியேறிய பித்து, 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாட்டைத் தயாரித்தார். 1976இல் டீனா சார்ல்ஸின் ‘ஐ லவ் டு லவ்’ பிரிட்டனில் முதலிடம் பெற்றதும் அவர் கைவண்ணமே. மும்பையில் பிறந்த ஆஷா புத்லி 1976இல் வெளியிட்ட ‘ஸ்பேஸ் டாக்’, டேவிட் மன்குசோவின் த லாஃப்ட் என்ற நியூயார்க் விருந்துகளில் விரும்பி ஓட்டப்பட்ட பாட்டு. ஹவுஸ் இசையின் பாட்டன்மார் ஆடிய அறையில் ஓர் இந்தியக் குரலும் ஒலித்திருக்கிறது.

இந்திப் படவுலகில் ‘குர்பானி’ (1980) படத்தில் பித்து இசையில் நாஜியா ஹசன் பாடிய பாட்டும், பப்பி லஹிரி இசையமைத்த ‘டிஸ்கோ டான்சர்’ (1982) படமும் டிஸ்கோவை வீடுதோறும் சேர்த்தன. பிந்தைய படம் தமிழில் ஆனந்த்பாபு நடிக்க ‘பாடும் வானம்பாடி’ (1985) ஆனது. பப்பி லஹிரியின் புகழ்பெற்ற குரல்களில் ஒருவரான உஷா உதுப், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மவுண்ட் ரோட்டில் நைன் ஜெம்ஸ் என்ற இரவு விடுதியில் பாடித் தொடங்கியவர்.

தனியாகக் குறிப்பிடவேண்டியவர் சரண்ஜித் சிங். மும்பைத் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த இவர், 1982இல் டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பேஸ் இயந்திரம், ஜூபிடர்-8 சிந்தசைசர் ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்எம்வி வழியாக வெளியிட்டார். அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்டபோது, அதே டிபி-303 கருவியால் சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் செய்த ‘ஆசிட் டிராக்ஸ்’ பாட்டுக்கு ஐந்து ஆண்டு முன்னரே இந்த ஒலி மும்பையில் கேட்டிருப்பது கண்டு உலகம் வியந்தது. இருப்பினும் அதை ஹவுஸ் எனக் கொள்ள இயலாது. ஹவுஸ் என்பது கருவியின் ஒலி மட்டுமல்ல, ஆடுகளத்தின் பழக்கமும் ஆகும். சிங் வாசித்தது ராக ஆலாபனையும் ‘கத்’ எனப்படும் தாளத்தோடு கூடிய பகுதியும் கலந்த கேட்பிசை.

தமிழ்த் திரையில் எம்.எஸ். விஸ்வநாதன் ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979), ‘பில்லா’ (1980) படங்களில் ஃபங்க், டிஸ்கோ அமைப்பை நேரடியாகக் கையாண்டார். ‘சகலகலா வல்லவன்’ (1982) படத்தில் இளையராஜாவின் புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் தவறாமல் ஒலிப்பது. இளையராஜாவின் எண்பதுகளின் பேஸ் கிட்டார் வேலைப்பாடு தனிக் கட்டுரைக்குரியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

கோலாலம்பூரின் டிஸ்கோ காலம் பெரிய ஓட்டல்களுக்குள் நிகழ்ந்தது. ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் இருந்த அன்றைய ஹில்டன் ஓட்டலின் டின் மைன், நகரின் பேர்பெற்ற டிஸ்கோ. ஈய வயலால் எழுந்த ஊரில் ஆடுகளத்துக்கு ஈயச் சுரங்கம் என்று பெயரிட்டது பொருத்தமே.

அக்காலத்தில் சோல், ஃபங்க், டிஸ்கோ நடையை மலாய்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானோர் ஆலிகேட்ஸ் குழுவினர். பினாங்கைச் சேர்ந்த லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள் 1960களின் இறுதியில் தொடங்கிய குழு. எழுபதுகளில் ஹாங்காங் விடுதிகளில் வாசித்துத் தேர்ந்து, நாடு திரும்பி மலாய்ப் பாட்டுகளால் எல்லா இனத்தாரின் வீட்டுக்குள்ளும் நுழைந்தனர். தலைமேல் பெரிய பந்தாய் நின்ற முடி அவர்களின் அடையாளம். கோலாலம்பூரைப் புன்னகைக்கச் சொல்லும் ‘செஞும்லா கோலாலம்பூர்’ அவர்களுடையதே. லோகநாதன் 2007 ஜூன் 4 அன்று காலமானார். தமிழர் பாடியும் தமிழில் இல்லாததால், மலேசியத் தமிழிசை வரலாற்றை எழுதுவோர் பலரும் இவர்களை விட்டுவிடுகிறார்கள். மலாய்ப் பாட்டில் ஃபங்கின் அடுத்த பெரிய பெயர் ஷைலா மஜிட். ரோஸ்லான் அஜிஸ் தயாரித்த ‘எமோசி’ (1986) தொகுப்பின் ‘சினாரான்’, இன்று வெளிநாட்டு இசைத்தட்டு ஓட்டுநர்களும் தேடும் பாட்டு.

ஃபங்கி ஹவுஸ் இந்நகருக்குப் பெருமளவில் வந்தது 2000களில். சிங்கப்பூரில் 1991இல் தொடங்கிய ஸூக் விடுதியின் கோலாலம்பூர்க் கிளை 2004இல் ஜாலான் அம்பாங்கில் திறந்தது. பின்னர் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள டிரெக் வளாகத்துக்கு மாறியது. கிளை திறந்தது, ஐரோப்பியப் பட்டியல்களில் இவ்விசை இறங்கத் தொடங்கிய வேளையில்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கேட்டது வேறு. ஒலிநாடாக் கடை, குறுந்தட்டுக் கடை, துணிக்கடை வாசல் ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் திரைப்பாடல். ஆயினும் பழைய பாட்டைப் புதிய தாளத்தில் மீட்டெடுக்கும் வேலை அங்கும் நடந்தது, ஹிப்ஹாப் வழியாக. இந்தக் கிளை ஹவுஸுக்கு அந்நியம் அல்ல. ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ (1979) பாட்டில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸின்மேல்தான் அதே ஆண்டு ‘ராப்பர்ஸ் டிலைட்’ எழுந்தது. அந்தக் குழுவின் கிட்டாரே இருபது ஆண்டு கழித்துப் பாரிசின் ஹவுஸ் பாட்டுக்கும் அடித்தளமாயிற்று. கறுப்பின அமெரிக்காவில் ஒரே குழுவின் இசையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகளில் மலேசியத் தமிழ் இளைஞர்கள் பற்றியது சொல்லும் கிளை. ஆடும் கிளை ஜாலான் அம்பாங்கிலேயே நின்றுவிட்டது.

பொயட்டிக் அம்மோ குழு ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’ (1998) தொகுப்பால் அறியப்பட்டது. அதன் உறுப்பினரான யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் நட்சத்ரா என்ற பெயரில் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். அதன் ‘மடை திறந்து’, இளையராஜா ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இசையமைத்த பாட்டை எடுத்துச் சொல்லிசையோடு பின்னியது. மலேசியாவைத் தாண்டித் தமிழகத்திலும் தமிழ் ராப் என்றதும் அப்பாட்டே நினைவுக்கு வந்தது. மறு ஆண்டு ‘பொல்லாதவன்’ படத்தில் ‘நினைத்தாலே இனிக்கும்’ பாட்டொன்றின் ரீமிக்ஸில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துடன் யோகி பி இணைந்தார். சிங்கப்பூரில் படமான 1979ஆம் ஆண்டு டிஸ்கோப் பாட்டு, கோலாலம்பூர்க் கலைஞரின் குரலோடு சென்னைக்குத் திரும்பியது. அதே 2007இல் வெளிவந்த அஜித்தின் ‘பில்லா’, பெரும்பகுதி மலேசியாவில் படமானது. பத்துமலையும் அதில் உண்டு. பழைய ‘பில்லா’வின் இரண்டு பாட்டுகளை யுவன்சங்கர் ராஜா அதில் ரீமிக்ஸ் செய்தார். தமிழ்த் திரை ஃபங்கி ஹவுஸுக்கு மிக அருகே வந்தது இந்த ஆண்டில்தான்.

ஏன் அதற்குமேல் நெருங்கவில்லை என்பதற்குத் தாளத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. டப்பாங்குத்தும், மலேசியக் காவடி ஊர்வலங்களின் உறுமி மேளமும் பெரும்பாலும் திஸ்ர நடையில், அடியை மூன்றாகப் பிரித்து நடப்பவை. ஹவுஸ் அடியை நான்காகப் பிரிப்பது. கிக் டிரம் இரண்டுக்கும் பொருந்திவிடும். நடுவிலுள்ள நுண்ணடிகள் முட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபங்களில் டிஜேக்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுவார்களே தவிர ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டுவது அரிது. ஹிப்ஹாப்புக்கு இந்த இடைஞ்சல் குறைவு, ஏனெனில் அதன் வேகம் தாழ்ந்தது. சொல்பவர் தம் நாவால் மூன்றையும் நான்கையும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்றைய நிலை

டாஃப்ட் பங்க், ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸைச் சாம்பிளாக அன்றி நேரிலேயே அழைத்து ‘கெட் லக்கி’ (2013) செய்தது, 2021இல் கலைந்தது. நக்கிள்ஸ் 2014இலும் பால் ஜான்சன் 2021இலும் மறைந்தனர். ஜெர்மனியின் பர்ப்பிள் டிஸ்கோ மெஷின், பியான்சேயின் ‘ரெனைசான்ஸ்’ (2022) தொகுப்பு ஆகியவற்றால் இவ்விசை மீண்டும் கேட்கப்படுகிறது. கோலாலம்பூர் விடுதிகளிலும் ஓடுகிறது.